எல்லோருக்கும் தோதான நாள்

தூத்துக்குடியில் வேலைக்குப் போகிற ஐந்து பேரை வாரம் ஒருமுறை ஒரே மேசையில் உட்காரவைக்க முடியுமா? கல்யாண வீட்டுக்கு வருவார்கள். துட்டி வீட்டுக்குக் கூப்பிடாமலே வருவார்கள். விளையாடக் கூப்பிட்டால்தான் ஆளாளுக்கு ஒரு டூட்டி முளைக்கும்.

பொய் டூட்டி இல்லை, நிஜ டூட்டிதான். வ.உ.சி. துறைமுகத்தில் கப்பல் வேலை 24 மணி நேரமும் ஓடுகிறது. ஆட்கள் ஷிப்ட் மாறி மாறி வருகிறார்கள். அனல்மின் நிலையத்திலும் அதே கதை. விசைப்படகு காலை 5 மணிக்கு மேல் கிளம்பி இரவு 9 மணிக்குள் கரை சேர வேண்டும் என்பது விதி. கரை சேர்ந்தபின் மீனைத் தரம் பிரித்து, ஏலம் விட்டு, வலையை உதறி வீட்டுக்குப் போகிறவரிடம் பகடையை நீட்டினால் அவர் என்ன சொல்வார் என்பதை இங்கே அச்சிட முடியாது. உப்பளத்து வேலை விடியுமுன் தொடங்கிவிடும், ஆகவே ராத்திரி எட்டு மணிக்கே கண் சொக்கும். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணிக்காரர் எந்தத் தேதியில் திரும்புவார் என்று அவர் வீட்டுக்காரிக்கே நிச்சயமாகத் தெரியாது.

விளையாட்டு என்று இங்கே சொல்வது கேரமோ ரம்மியோ அல்ல. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பேசிப் பேசியே கதையை நகர்த்தும் ஆட்டம். ரோல் பிளேயிங் கேம் என்பார்கள். 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்த, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. ஒருவர் கதைசொல்லி. குகை இருட்டாக இருக்கிறது, தண்ணீர் முழங்கால் வரைக்கும் நிற்கிறது, உள்ளே யாரோ இருமுகிறார்கள் என்று அவர் சொல்வார். தங்கள் பாத்திரம் அங்கே என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்று வழக்கு வந்தால் இருபது முகமுள்ள பகடை தீர்த்துவைக்கும். ஒருமுறை உட்கார்ந்தால் மூன்று நாலு மணி நேரம் போகும். ஒரு கதை முடிய ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும்.

கல்லூரி ஹாஸ்டலில் இது பெரிய காரியமில்லை. பக்கத்து அறைக் கதவைத் தட்டினால் ஆட்டம். வேலை, குடும்பம், பிள்ளைகளின் டியூஷன் என்று வந்தபிறகு வாட்ஸ்அப் குரூப்பில் ஆட்டம் இப்படித்தான் நடக்கும்:

“மக்கா, சனிக்கிழம உக்காருவமா?”

“எனக்கு செகண்ட் ஷிப்டுல்லா. ஞாயிறு?”

“ஞாயிறு மச்சினிக்கு வளைகாப்பு.”

“அப்ப அடுத்த வாரம் பாப்பம்.”

கட்டைவிரல், கட்டைவிரல், கைகூப்பு. அதோடு அந்தக் குரூப் பத்து நாளைக்குப் பேசாது. உலகம் முழுக்க இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்கள் ஒரே குரலில் புலம்புவது இதைத்தான். பூதத்தையும் டிராகனையும் ஜெயித்த கூட்டம் காலண்டரிடம் தோற்கும். யாருக்கும் ஆர்வம் குறையவில்லை, நட்பும் குறையவில்லை. ஆனாலும் மேசை காலியாகவே கிடக்கும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. கதைசொல்லியையும் சேர்த்து ஐந்து பேர் என்று வைப்போம். ஞாயிறு மாலை என்று நாள் குறித்தாயிற்று. ஐந்து வாரத்தில் நாலு வாரம் தவறாமல் வருகிற நல்ல பிள்ளைகள் எல்லோரும். ஐந்து பேரும் வந்தால்தான் ஆட்டம் என்றால் நூறு வாரத்தில் 33 வாரம்தான் ஆட முடியும். மூன்றில் ஒன்று! அதையே ‘கதைசொல்லியும் இன்னும் இரண்டு பேரும் வந்தால் போதும்’ என்று மாற்றினால் 78 வாரம் ஆடலாம். கதை சொல்லத் தெரிந்தவர் குழுவில் இரண்டு பேர் இருந்து, அவர்களில் யார் வந்தாலும் மொத்தம் மூன்று பேரானால் தொடங்கலாம் என்றால் 92 வாரம். ஆட்கள் அதே ஆட்கள், சோம்பேறித்தனமும் அதே அளவு. மாறியது விதி மட்டும். ஒருவர் வராதது இன்னொருவர் வராததோடு சம்பந்தப்படாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. ஒரே ஷிப்டில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டால் கொஞ்சம் மாறும். ஷிப்ட் வாரத்துக்கு வாரம் சுழல்கிற வேலை என்றால், மதிய ஷிப்ட் வருகிற வாரம் அவரை எண்ணிக்கையிலேயே சேர்க்கக் கூடாது. அது அவர் குற்றமில்லை.

இந்தத் தலைவலி தூத்துக்குடிக்குப் புதிதும் இல்லை. ஆளுக்கொரு வேடமாக நின்று கதை நடத்துகிற பெரியவர்களை ஓரிடத்தில் கூட்டுவது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்ட ஒருவர் இந்த வட்டாரத்துக்காரர்தான். தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். மேடைக்குப் போகுமுன் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதியவர். இருபத்துநாலு வயதில் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு நாடகத்துக்குப் போனார். எமன், சனீஸ்வரன் போன்ற வேடங்களில் அவரைப் பார்த்துச் சனம் நடுங்கியதாகச் சொல்வார்கள். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’ என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் இன்றும் பெருமையாகச் சொல்கிற கதை.

அவருக்கு வாய்த்த தொல்லை பெரிய நடிகர்கள். சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள், எழுதியதைப் பேசமாட்டார்கள், மேடையில் ஒருவரையொருவர் மட்டம் தட்டுவார்கள். வெறுத்துப்போன சுவாமிகள் கண்ட வழி, பெரியவர்களையே விட்டுவிடுவது. சிறுவர்களைச் சேர்த்துப் பாய்ஸ் கம்பெனி. 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில்தான் பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பேர் வாங்கிய பிள்ளைகள் சேர்ந்தார்கள். கம்பெனி வீட்டிலேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம், அங்கேயே பாடம். நேரத்துக்கு வரவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. வேறே எங்கே போவான் பையன்? கலையாக அது பலித்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் வேறு வாழ்க்கை இல்லாதவர்களாக அடைக்கப்பட்டதால் பலித்தது. ஹாஸ்டல் ஆட்டம் சுலபமாக நடப்பதும் ஏறக்குறைய இதனால்தான், எல்லோரும் ஒரே கூரையின் கீழ்.

சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் கண்ட வழி வேறு. 1891இல் அவர் நண்பர்களோடு தொடங்கிய சுகுண விலாச சபாவில் ஆடியவர்கள் வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். பின்னாளில் எஸ். சத்தியமூர்த்தி போன்றவர்களும் அந்த மேடையில் ஏறினார்கள். பகலில் கோர்ட்டு, கச்சேரி. மாலையில் ஒத்திகை. நாடகம் என்றால் விடிய விடிய என்றிருந்ததை மூன்று மணி நேரத்துக்குள் அடக்கியவர் பம்மல். மறுநாள் கோர்ட்டுக்குப் போகிறவனுக்கு எது முடியும் என்று தெரிந்த மனிதர். இந்த மேசைக் கதையாட்டத்திலும் நாலு மணி நேரத்தை இரண்டரையாகக் குறைத்தாலே பாதிப் பேருக்கு வீட்டில் அனுமதி கிடைக்கும். மற்றபடி சபா முறை எல்லோருக்கும் மாலை ஒன்றாக ஓய்கிற ஊருக்குத்தான் சரிப்படும். கோர்ட்டு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கலையும். துறைமுகம் கலைவதில்லை.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. அதை யாரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, பிழைப்பு கண்டுபிடித்தது. ஸ்பெஷல் நாடகம்.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாவில் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலம் வரைக்கும் நடக்குமே, அது. அதில் ஆடுகிறவர்கள் ஒரு கம்பெனி இல்லை. நாடக நோட்டீஸைப் பார்த்தால் விளங்கும்: மெல்லிய காகிதம், பளிச்சென்ற நிறம், வரிசையாகப் படங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று வேலை. பெயருக்கு முன்னால் ஊர். ஆளுக்கொரு ஊர். விழாக்காரர்கள் ஏஜெண்டைப் பார்ப்பார்கள், ஏஜெண்ட் டைரியைப் புரட்டி அந்தத் தேதியில் யார் யார் காலியாக இருக்கிறார்கள் என்று பார்த்துப் பதிவு செய்வார். வள்ளியும் முருகனும் அன்று ராத்திரி மேடைக்குப் பின்னால் பவுடர் பூசும்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் உண்டு. ஒத்திகை கிடையாது. டைரக்டர் கிடையாது. அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைஸர் இந்தக் கலைஞர்களோடு பழகி 2005இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஒத்திகையே இல்லாமல் எட்டு மணி நேரம் ஓட்டுகிறார்கள் என்பது வெளியூர்க்காரர்களுக்கு இன்றும் நம்ப முடியாத சங்கதி.

எப்படி ஓடுகிறது? எல்லோருக்கும் கதை தெரியும். சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு தெரியும். தன் வேடத்தின் எல்லை தெரியும். மிச்சமெல்லாம் அந்த நேரத்துப் பேச்சு. வள்ளி திருமணத்தில் நாரதர் தினைப்புனத்துக்கு வந்து வள்ளியிடம் தர்க்கம் பண்ணுகிற இடத்தைப் பாருங்கள். அவர் ஒரு கேள்வி போடுவார். அது இன்றைக்கு வரும் என்று வள்ளிக்குத் தெரியாது. வள்ளி மடக்குவார். கீழே உட்கார்ந்திருக்கிற கிழவர்கள் “அப்படிப் போடு” என்பார்கள். ஆர்மோனியக்காரர் பேச்சு எங்கே முடியப்போகிறது என்று மோப்பம் பிடித்துச் சுருதியை எடுத்துக்கொடுப்பார். வள்ளி ஜெயித்தாலும் தோற்றாலும் கடைசியில் கல்யாணம் நடந்தே தீரும். போகிற பாதை மட்டும் ஒவ்வொரு ராத்திரியும் வேறே. பகடை இல்லை என்பதைத் தவிர்த்தால் இது அசல் ரோல் பிளேயிங்.

இதே யோசனைக்கு அமெரிக்காவில் ஒரு ஆள் வேறு வழியாக வந்து சேர்ந்தார். பென் ராபின்ஸ் என்பவர் ‘வெஸ்ட் மார்ச்சஸ்’ என்று ஒரு ஆட்டம் நடத்தினார். அதில் நிலையான கிழமை இல்லை, நிலையான குழு இல்லை, தொடர்ந்து போகிற ஒற்றைக் கதையும் இல்லை. பத்துக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள். எந்தக் காட்டுக்குப் போகலாம், என்றைக்குப் போகலாம் என்று அவர்களே பேசி முடிவுசெய்து கதைசொல்லிக்குச் சொல்ல வேண்டும். அன்றைய ராத்திரிக்குள் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். நாள் குறிக்கிற சுமை கதைசொல்லியின் தலையிலிருந்து இறங்கியதுதான் இதில் பெரிய விஷயம். ஆர்னசன், கைகாக்ஸ் காலத்து மேசைகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன, வந்தவர்கள் ஆடினார்கள். அதே ஐந்து பேர், அதே கதை, முடிவுவரை என்ற பிடிவாதம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. கதை கெட்டிப்பட்டது வாஸ்தவம். கூடுவதும் அந்த அளவுக்குக் கடினப்பட்டது.

இதில் ஒரு நஷ்டம் இருப்பதை மறைக்கக் கூடாது. வந்தவர் ஆடுகிற மேசையில் பாத்திரங்களுக்குள் நாள்பட்ட பகையோ பாசமோ ஊறாது. ஸ்பெஷல் நாடகத்துக்கு அந்தக் குறை இல்லை. வள்ளியின் கதை கூட்டத்துக்கே தாய்ப்பாலோடு தெரியும். டிராகன் கதை அப்படித் தெரியாது. வாராவாரம் ஆள் மாறும்போது எல்ஃப் என்றால் யார், ஓர்க் என்றால் யார் என்று விளக்குவதிலேயே பாதி நேரம் போகும். ஆகவே எல்லோருக்கும் முன்பே தெரிந்த ஓர் உலகம் வேண்டும். தூத்துக்குடிக்காரர்கள் அதற்கு வெளியே அலைய வேண்டியதில்லை. கொற்கை பக்கத்தில்தான் இருக்கிறது. கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளூஸ் நூல், கொற்கையில் தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்துக்குளித்தார்கள் என்கிறது. ஒரு படகு, ஐந்து கைதிகள், ஒரு காவலன். கதை கையில் கிடைத்தாயிற்று. இந்த வாரம் ஷிப்டில் மாட்டிக்கொண்டவரின் பாத்திரம் இருட்டறையில் கிடக்கிறது. அடுத்த வாரம் வந்தால் திறந்துவிடுவார்கள். இவர் ஏன் வரவில்லை, அவர் ஏன் வரவில்லை என்று கதைக்குள் காரணம் தேட வேண்டியதே இல்லை.

முத்துக்குளிப்பு நாள் குறித்த விதமும் கவனிக்க வேண்டியது. இந்தக் கடலில் அது தவறாமல் வருடாவருடம் நடக்கிற திருவிழாவாக இருந்ததில்லை. சிப்பி முதிரச் சில வருடங்கள் ஆகும். சர்க்கார் ஆட்கள் முத்துப்பாருக்குப் போய்ச் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அழுகவிட்டு, முத்தை எண்ணி மதிப்புப் போடுவார்கள். கட்டுப்படியாகும் என்றால்தான் அறிவிப்பு. பெரும்பாலும் கடல் அடங்கிக் கிடக்கிற மார்ச், ஏப்ரல் மாதங்களில் நாள் குறிப்பார்கள். ஏப்ரல் தொடங்கி மே நடுவரை என்று மார்க்கோ போலோவும் எழுதிவைத்திருக்கிறார். அறிவிப்பு வந்ததும் சம்மாட்டி, குளியாள், வியாபாரி, சாராயக்கடைக்காரர், வட்டிக்காரர் எல்லோரும் கடற்கரையில் குடிசை போட்டுக்கொண்டு கூடுவார்கள். சில வாரத்தில் எல்லாம் கலைந்து வெறும் மணலாகும். சிப்பி சரியில்லை என்றால் அந்த வருடமும் இல்லை, அதற்கடுத்த பல வருடங்களும் இல்லை. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் நடந்தது கடைசி வரிசை.

அத்தனை பேரும் தங்கள் சௌகரியத்தைப் பேசி நாள் குறித்திருந்தால் ஒரு சிப்பிகூடக் கரைக்கு வந்திருக்காது. நாளைக் குறித்தது கடல், மனிதர்கள் அதற்குத் தக்கபடி தங்களை மாற்றிக்கொண்டார்கள். எல்லோருக்கும் தோதான நாளைத் தேடிக்கொண்டிருக்கிற வாட்ஸ்அப் குரூப்புகள் இதை யோசிக்கலாம். அப்படி ஒரு நாள் கிடையாது. யாரிடமும் கேட்காமல் ஏற்கெனவே குறிக்கப்பட்டுவிட்ட நாட்கள்தான் உண்டு.

இந்தக் கரையில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. கடலோரக் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை. அதைவிடப் பெரிது பனிமய மாதா திருவிழா: ஜூலை 26 கொடியேற்று, ஆகஸ்ட் 5 பெருவிழா. வளைகுடாவிலும் கப்பலிலும் இருக்கிறவர்கள் லீவைச் சேமித்துவைத்து அந்தப் பத்து நாளைக்கு ஊருக்கு வருவார்கள். வருடத்துக்கொரு முறை மட்டும் ஆடக்கூடிய அந்தப் பழைய நண்பனுக்கு ஒரே ராத்திரியில் முடிகிற கதையாக எடுத்துவைத்தால் போதும். சப்பரம் போனபிறகு உட்கார்ந்தால் விடியும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். மேசையில் ஒரு பெட்டி மக்ரூன் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் பொடி பகடையில் ஒட்டும்.

தொடர்கதைக்கென்றே அரசாங்கம் ஒதுக்கித் தந்ததுபோல ஒரு காலம் இருக்கிறது: மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முன்பு 45 நாளாக இருந்தது 2017இலிருந்து 61 நாள். மீன் இனம் பெருகுவதற்காகப் போட்ட தடை. விசைப்படகுகள் கரையேறி நிற்கும். இன்ஜினைக் கழற்றுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். வருமானம் இல்லாத காலம். அந்தக் கஷ்டத்தை யாரும் லேசாகப் பேசக் கூடாது. ஆனால் மாலை என்று ஒன்று வீட்டில் இருக்கிற மனிதருக்குத் திரும்பக் கிடைக்கிறது. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து பள்ளி லீவும் இதற்குள் வந்துவிடும். உப்பளத்தில்தான் அப்போது உச்ச வேலை. அங்கேயிருந்து வருகிறவரை ராத்திரி எட்டு மணிக்கு மேல் பிடித்துவைக்கக் கூடாது, மாலை நாலுக்கே தொடங்கிவிட வேண்டும்.

61 நாளில் எட்டு ஞாயிறாவது வரும், பெரும்பாலான வருடங்களில் ஒன்பது. சில வருடம் ஈஸ்டர் உள்ளே விழுந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஆக, ஏழு உட்கார்வில் முடிகிற கதையாகத் திட்டம் போட வேண்டும், எழுபதில் முடிகிற கதையாக அல்ல. கதை சொல்ல இரண்டு பேர். குறிப்பு நோட்டு ஒன்று, அது மேசை உள்ள வீட்டை விட்டு நகரக் கூடாது. மூன்று பேர் வந்தால் ஆட்டம் தொடங்கிவிட வேண்டும். நாலாவது ஆளுக்காகப் போன் போட்டுக்கொண்டு இருக்கிற அரை மணி நேரம்தான் மேசைகளைக் கொல்வது. சொல்லாமல் வராதவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும், சொல்லிவிட்டு வராதவருக்கு அபராதம் இல்லை. இந்த வித்தியாசத்தை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நடுவில் விதி போட்டால் சண்டை வரும்.

கடைசி ஆட்டத்தை ஜூன் 14க்கு வைக்கவே கூடாது. அன்று ஞாயிறாகவே இருந்தாலும் படகுக்காரருக்கு ஐஸ், டீசல், வலை என்று ஏற்றுகிற வேலை நாள் முழுக்க இருக்கும். மறுநாள் விடியலில் முதல் ஆளாகக் கிளம்புவதில் எல்லாப் படகுக்கும் ஒரு போட்டி. அதற்கு முந்தைய வாரமே கைதிகள் ஐந்து பேரும் தப்பிக்கவோ சாகவோ வேண்டும்.